ஒரு தடவைதான் கேட்பார்கள்

வேண்டாம் என்று நான் சொல்லிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. சுவர்க்கடிகாரம் எனக்கு நேரே இருக்கிறது, அதனால் கணக்கு தவற வழியில்லை. பன்னிரண்டுக்குப் பத்து இருக்கும்போது ஓட்வர் கேட்டார், இப்போது சரியாகப் பன்னிரண்டு. ஓட்வர் என் மகள் டெல்பினின் மாமனார். எழுபது வயதாம், நம்ப முடியாது, கதவைக் குனிந்துதான் தாண்டுகிறார். சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குப் படகை எடுக்கிறேன், நேற்றுப் போட்ட வலையை இழுக்க வேண்டும், மூன்று மணிக்குள் கரைக்கு வந்துவிடலாம், அமல் வருகிறாரா என்று அவருடைய நார்வே பாஷையில் கேட்டார். அமலோற்பவம் என்ற என் முழுப் பெயர் அவர் வாயில் நுழையாது. டெல்பின் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் என் கை தானாக எழுந்து காற்றில் ஆடியது. "ஐயோ, எனக்கெதுக்கு, வேண்டாம் வேண்டாம்" என்று வாயும் சொல்லிவிட்டது. அதே நேரத்தில் உள்ளுக்குள் நான் படகில் ஏறி உட்கார்ந்தாயிற்று. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியாயிற்று, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாயிற்று. சேலை எங்கே, டெல்பின் வாங்கிக் கொடுத்த கம்பளிக் கால்சட்டையல்லவா போட்டிருக்கிறேன். அது இருக்கட்டும். ஓட்வர் தலையை ஆட்டினார், சரி என்று ஒரு சொல் சொன்னார், அவ்வளவுதான். எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவினார். கையைக் கழுவுகிற மனிதனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ திரும்புவார், இதோ கேட்பார். திரும்பினார், துண்டில் கையைத் துடைத்தார், உருளைக்கிழங்குப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே அந்தப் படகு நிற்கிறது. சிவப்பும் வெள்ளையும், முன்பக்கம் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு ஆள் நிற்கலாம். பெயர் எழுதியிருக்கிறது, யோருன் என்று. யோருன் இவருடைய மனைவி, என் சம்பந்தி, இதோ அடுப்பங்கரையில் நிற்கிற குள்ளமான அம்மாள். படகுக்குப் பெண்டாட்டி பெயரா என்று வந்த அன்று எனக்கு ஒரே வியப்பு. எங்கள் பக்கம் புனிதர் பெயரோ மாதா பெயரோதான் வைப்பார்கள். ஆனால் இந்த யோருன் அந்த யோருனில் ஏறியதே இல்லையாம். ஏறினால் வாந்தியாம். டெல்பின் அதைச் சொன்னபோது யோருன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குமட்டுவதுபோல நடித்துக் காட்டினாள், நாங்கள் மூவரும் சிரித்தோம். அப்போதே நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், எனக்கு வராது, முப்பத்தொரு வருஷம் மீன் கூடையோடு உடன்குடி பஸ்ஸில் போனவளுக்கு எந்த ஆட்டத்திலும் வாந்தி வராது. நான் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. நாளைக்குப் புயல்காற்று என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறான், ஒரு படகும் போகாது. நாளை மறுநாள் எனக்கு விமானம். ஆக இன்றைக்குத்தான். இன்றைக்கு ஒரு மணிக்குத்தான். கடல் இன்றைக்குப் பார்த்து எப்படிக் கிடக்கிறது! எண்ணெய் தடவிய கருங்கல் மாதிரி, அசைவே இல்லாமல். கரை முழுக்கப் பனி, பனி நேராகத் தண்ணீர் வரைக்கும் இறங்கி வந்து அங்கே சட்டென்று நின்றுவிடுகிறது. மணலே கிடையாது. மரமும் கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு குச்சி இல்லை. இந்த வெறுமையைப் பார்த்து நான் பயப்படுவேன் என்று டெல்பின் நினைத்திருந்தாள். எனக்கோ முதல் நாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் ஜன்னலுக்கு ஓடத் தோன்றுகிறது. ஒருநாள் காலையில் நான்கு கலைமான்கள் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன, எங்கள் ஊர் ஆடு மாதிரி, யாரையும் சட்டை செய்யாமல்.

யோருன் மேசைக்கு முதலில் கொண்டுவந்து வைத்தது நாக்கு. மீன் நாக்கு. இங்கே இந்தக் காட் மீனுக்குத் தனி மரியாதை, சித்திரையில் எங்கள் பக்கம் மாம்பழத்துக்கு இருக்கிற மாதிரி. பங்குனி மாதம் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும், ஒவ்வொன்றும் கைக்குழந்தை பருமன், தாடையில் ஒற்றை மீசை. அதன் நாக்கை மட்டும் தனியாக அறுத்தெடுத்து, மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரிப்பது. பொரிகிற சத்தம் அடுப்பிலிருந்து வந்தபோதே என் வாயில் எச்சில் ஊறிவிட்டது. முப்பத்தொரு வருஷம் மீன் விற்றேன், தலை தின்றிருக்கிறேன், சினை தின்றிருக்கிறேன், நாக்கு என்று ஒன்றைத் தனியாகத் தின்றதில்லை. ஓரம் பொன்னிறம், நடுவில் வெள்ளையாக ஒரு மினுமினுப்பு. யோருன் தட்டை என் முன்னால் நீட்டிப் புருவத்தை உயர்த்தினாள். என்ன செய்தேன் நான்? சிரித்தேன். உள்ளங்கையைக் காட்டினேன். முதலில் நீங்கள் எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் பிறகு என்று அர்த்தம் வருகிற மாதிரி தலையைச் சாய்த்தேன். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக் கூட அந்தத் தலைச்சாய்ப்புப் புரியும். தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. டெல்பின் மூன்று எடுத்துக்கொண்டாள். மீதி முழுவதையும் ஓட்வர் தன் தட்டில் சரித்துக்கொண்டார். பதினொன்று. எண்ணினேன். எண்ணாமல் என்ன செய்வது, பக்கத்துத் தட்டில் கரக் கரக்கென்று சத்தம் கேட்கிறது.

"எடுத்துக்கலியாம்மா?" என்றாள் டெல்பின். "அவங்க முதல்ல எடுக்கட்டும்னு பாத்தேன்" என்றேன் மெதுவாக. அவள் வாயில் நாக்கோடு சிரித்தாள். "போச்சு போ. இங்க ஒரு தடவைதாம்மா கேப்பாங்க. நீ வேண்டாம்னா வேண்டாந்தான். திரும்பத் திரும்பக் கேட்டா, நீ சொன்னத நாங்க நம்பலன்னு ஆயிருமாம். அது மரியாதை இல்லையாம்." நல்ல மரியாதை! ஒரு சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதா மரியாதை? எங்கள் தெருவில் ரெஜினா மதினி வீட்டுக்குப் போனால், சாப்பிடு என்பாள், இப்பதான் சாப்பிட்டேன் என்பேன், வயிறு காந்திக்கொண்டிருக்கும். சும்மா ஒரு வாய் என்பாள், வேண்டாம் மதினி என்பேன். அப்புறம் அவள் கோபப்படுவாள், எங்க வீட்டுச் சோறு இறங்காதோ என்பாள், கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். அதன் பிறகு அவள் கையால் விழுகிற சோற்றுக்கு இருக்கிற ருசி வேறு. கேட்டவுடனே உட்கார்ந்தால் சோற்றுக்கு அலைந்துபோய்க் கிடந்தாள் என்றாகும். இந்த டெல்பினையே அதற்காகக் கிள்ளியிருக்கிறேன். ஐந்து வயது இவளுக்கு, பங்குச் சாமியார் வீட்டில் தட்டு நிறைய முந்திரிக்கொத்து வைத்தார்கள், எடும்மா என்றதும் இரண்டு கையாலும் எடுத்துவிட்டாள். மேசைக்கடியில் தொடையில் கிள்ளினேன். அழாமல் என்னைப் பார்த்தாள், எடுத்ததைத் திரும்ப வைத்தாள். பிறகு அவளாக எதையும் கேட்டதில்லை. நர்ஸ் படிக்க வேண்டும் என்பதைக்கூட ரெஜினா மதினி வந்துதான் என்னிடம் சொன்னாள், பிள்ளைக்கு ஆசை இருக்கு அமலோற்பவம், உன்கிட்டச் சொல்ல மாட்டேங்கா என்று. இப்போது பார், நாக்கை மூன்று எடுத்துத் தட்டில் வைத்துச் சாப்பிடுகிறாள். ஆறு வருஷத்தில் இந்த ஊர் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஒரு நாக்கு எடுத்து என் தட்டில் வைக்கலாம் அல்லவா அவள்? இல்லை, நான் வேண்டாம் என்றேனே.

அடுத்தது பெரிய பாத்திரம். மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பி ஜன்னல் கண்ணாடியை மறைத்தது, படகு காணாமல் போயிற்று. மூன்று விதமாக ஒரே மீன். வெந்த துண்டு, வெந்த சினை, மிளகும் வெங்காயமும் போட்டு அவித்த ஈரல். மூன்றையும் தட்டில் சேர்த்துச் சாப்பிடுவது இங்கே வழக்கம், மொல்யே என்று பெயர். இந்தத் தடவை யோருன் கரண்டியை நீட்டியதும் கை ஆடப் பார்த்தது. அந்தக் கையை இன்னொரு கையால் மடியில் பிடித்துவைத்துக்கொண்டு, "தக்" என்றேன். நன்றி என்பதற்கு அவர்கள் சொல். எனக்குத் தெரிந்த இரண்டு சொற்களில் ஒன்று. இன்னொன்று யா. யா என்றால் ஆமாம். துண்டு விழுந்தது, மடல் மடலாகப் பிரிந்தது, வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்தது. புளி இல்லை, தேங்காய் இல்லை, மிளகாய் இல்லை. என் கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் மிளகாய்ப்பொடி இருக்கிறது, ஊரிலிருந்து கொண்டுவந்தது, பதினெட்டு நாளும் பைக்குள்ளேயே கூட வருகிறது, ஒரு நாளும் திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவில்லை. மீன் அப்படிப் புதுசு, அதற்கே ஒரு இனிப்பு இருக்கிறது. மிளகாயும் புளியும் போட்டு இத்தனை காலம் இதை மறைத்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, ரெஜினா மதினி காதில் விழுந்தால் அவ்வளவுதான். ஆனால் ஈரல்! ஈரலை உருளைக்கிழங்கோடு பிசைந்து வாயில் வைத்தேன், எண்ணெய் நாக்கெல்லாம் பரவியது, உடம்புக்குள்ளே யாரோ விளக்கு ஏற்றியதுபோலச் சூடு இறங்கியது. கண்ணை மூடிவிட்டேன். திறந்தால் ஓட்வர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் முகம் புரிந்துவிட்டது. "யா?" என்றார். "யா" என்றேன். சிரித்தார். இப்போது கேளுங்களேன். இப்போது கேட்டால் யா என்று சொல்லத் தயாராக வாய் திறந்துதான் இருக்கிறது. கேட்கவில்லை. இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் உரித்தார். பன்னிரண்டு பத்தொன்பது.

எங்கள் இருவருக்கும் பேச்சே இல்லாமல் ஒரு சிநேகம் உண்டாகியிருக்கிறது, அதனால்தான் அவர் கேட்டார், அது எனக்குத் தெரியும். வந்த அன்று காரிலிருந்து இறங்கினேன், மூக்கில் முதலில் ஏறியது கருவாட்டு வாசம். விமானம் மாறி மாறி மூன்று நாடு தாண்டி, பூமியின் உச்சிக்கு வந்து, கருவாட்டு வாசம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாலையின் இரு பக்கமும் மரக்கம்பால் பெரிய பெரிய பந்தல், கோயில் கூரை மாதிரிக் கூம்பாக, அதில் ஆயிரக்கணக்கில் மீன், இரண்டிரண்டாக வாலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தலைகள் தனியாக ஒரு பந்தலில். அவை ஆப்பிரிக்காவுக்குப் போகுமாம். மறுநாள் ஓட்வர் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். நான் ஒரு மீனை நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லை! "ஏட்டி, உப்புப் போடாம எப்படி, புழு வைக்காதா?" என்று டெல்பினிடம் கேட்டேன், அவள் அவரிடம் கேட்டாள், அவர் வானத்தைக் காட்டினார், பிறகு வாயால் ஊதிக் காட்டினார். குளிரும் காற்றும் போதுமாம். எங்கள் ஊரில் இரண்டு நாள் இப்படித் தொங்கவிட்டால் பந்தலோடு எரிக்க வேண்டியிருக்கும். அவர் இரண்டு மீனை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார், கட்டை மாதிரிச் சத்தம் வந்தது, காதருகே வைத்துக் கேட்டார். நானும் வாங்கித் தட்டினேன், ஒன்று சரியாக இருந்தது, மற்றதில் உள்ளே ஈரம் இருந்தது, சத்தம் அமுங்கிக் கேட்டது. இது இன்னும் காயவில்லை என்று கையால் காட்டினேன். அவர் அதைத் தட்டிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார், ஒரு மாதிரி, எங்கள் ஊர் ஏலக்காரர் என்னைப் பார்க்கிற மாதிரி. அதற்கடுத்த நாள் படகுத்துறைக் கொட்டகையில் அவர் கத்தியை வாங்கி ஒரு மீனை அறுத்துக் காட்டினேன். செவுளில் வைத்து ஒரு இழுப்பு, வயிற்றில் ஒரு இழுப்பு, குடல் தனி, ஈரல் தனி, பித்தப்பை உடையாமல். அவர் கைதட்டினார். அங்கே நின்ற இரண்டு கிழவர்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை அறுக்கச் சொன்னார். அப்போதும் என் கண் கத்தியில் இல்லை, கொட்டகைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த படகில்தான் இருந்தது.

படகைத் தொடாத நாள் கிடையாது எனக்கு. படகுக்குப் பக்கத்தில் பிறந்து, படகுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, படகிலிருந்து இறங்குகிற மீனைக் கூடையில் அள்ளி வாழ்ந்தவள். ஆனால் முழங்கால் தண்ணீருக்கு மேல் போனதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் ஏற மாட்டார்கள், ஏறினால் வலையில் மீன் படாது என்பார்கள். ஒரே ஒரு நாள் விதிவிலக்கு. புது வள்ளத்தைச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கிற அன்றைக்கு, முதல் ஓட்டத்தில், வீட்டுப் பெண்கள் ஏறலாம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவார்கள். எங்கள் வள்ளம் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மாலையும் சந்தனமுமாக வள்ளம் நின்றது. இவங்க, என் வீட்டுக்காரர் சூசை, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கையை நீட்டினார். "ஏளா, வாறியா?" என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கெதுக்கு, வேண்டாம், உங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். இன்னொரு தடவை கேட்பார் என்று நின்றேன். ஒரு கால் தண்ணீருக்குள் வைத்துவிட்டேன்கூட. அலை ஒன்று பெரிதாக வந்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பி வள்ளத்தைப் பிடித்தார், தங்கச்சியையும் அவள் பிள்ளைகளையும் தூக்கி ஏற்றினார், போய்விட்டார்கள். கரையில் நின்று கையாட்டினேன். திரும்பி வந்ததும் கேட்டார், ஏன் வரவில்லை, பயமா என்று. ஆமாம் என்று சொன்னேன். பயம் என்று சொன்னதுதான் சுலபமாக இருந்தது. பிறகு இருபத்தொன்பது வருஷம், என் பெண்டாட்டிக்குக் கடல் என்றால் பயம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார், கேலியாக, செல்லமாக. நானும் தலையாட்டினேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார், கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. அவரும் ஒரு தடவைதான் கேட்டார். அவர் நார்வேக்காரர் இல்லையே. ஒருவேளை நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாரோ. நம்பிக்கையில் என்ன தப்பு? எடுத்த காலை ஏன் நான் தண்ணீரிலிருந்து பின்னால் வைத்தேன்?

எனக்கு மற்றவர்களுடைய வேண்டாம் நன்றாகப் புரியும், அதுதான் வேடிக்கை. சந்தையில் கூடையை இறக்கி வைத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு நடப்பார்கள். நான் கண்ணை எடுக்க மாட்டேன். வேண்டாதவள் நேரே போய்விடுவாள். வேண்டுகிறவள் பத்தடி போய்த் திரும்பிப் பார்ப்பாள். திரும்பிப் பார்த்தவளை விடவே மாட்டேன், யம்மா இங்க வா, உனக்குன்னுதான் இந்தச் சாளையை ஒதுக்கி வெச்சேன் என்று கூப்பிடுவேன், வந்துவிடுவாள். இந்த ஓட்வர் சந்தையில் மீன் விற்றிருந்தால் என்னைத் தெரிந்துகொண்டிருப்பார். பதினெட்டு நாளாக ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேனே! இப்போது யோருன் காப்பி கொண்டுவருகிறாள். பன்னிரண்டு நாற்பது. காப்பியோடு ஒரு கட்டி, பழுப்பு நிறத்தில், முதல் நாள் அதைப் பார்த்துக் கருப்பட்டி என்றே நினைத்து ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுவிட்டேன். பாற்கட்டி. இனிப்பும் உப்புமாக ஒரு ருசி. உடன்குடிக் கருப்பட்டி பாலோடு சண்டை போட்டுத் தோற்றுப்போன மாதிரி. இப்போது அது இல்லாமல் காப்பி இறங்க மாட்டேன் என்கிறது. டெல்பினிடம் சொல்லிவிடலாமா? நான் வாறேன்னு அவர்ட்டச் சொல்லுட்டி. நாலே நாலு வார்த்தைதான். வாயைத் திறந்தேன், அதற்குள் அவளே குனிந்து, "நல்ல வேளை நீ வேண்டாம்னியேம்மா. எனக்குப் பக்குன்னு இருந்துச்சு. இந்தத் தண்ணில விழுந்தா கை கால் உடனே மரத்துப் போயிரும். உனக்கு பிரஷர் வேற" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குத் தெரியாதா? நேற்று துறையில் கையை அந்தத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியாமல், மூன்று வரை எண்ணுவதற்குள் எலும்பு வலித்தது. நீச்சல் தெரியாது. விழுந்தால் அவ்வளவுதான், ஒரு கூப்பாடு போடக்கூட நேரம் இருக்காது. பயம் இருக்கிறது. வயிற்றில் ஈரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது பக்கத்தில் இருக்கும்போதுதான் இந்தச் சந்தோஷமும் இவ்வளவு குதிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கூடைக்குள் உயிர்மீன் மாதிரி.

ஓட்வர் எழுந்துவிட்டார். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம். யோருனைப் பார்த்துச் சாப்பாட்டுக்கு நன்றி என்கிறார், இங்கே ஒவ்வொரு வேளையும் அதைச் சொல்லித்தான் எழுந்திருப்பார்கள். கதவுப் பக்கம் போகிறார். அங்கே கொக்கியில் ஆரஞ்சு நிறத்தில் கனத்த உடுப்புகள் வரிசையாகத் தொங்குகின்றன, விழுந்தால் மிதக்க வைக்கிற உடுப்பு, காலும் கையும் சேர்த்து ஒன்றாகத் தைத்தது. தன்னுடையதை எடுக்கிறார். ஒரு காலை நுழைக்கிறார். இன்னொரு காலை. ஜிப்பை மேலே இழுக்கிறார், வயிறு வரைக்கும், நெஞ்சு வரைக்கும். கேட்க மாட்டார். கேட்கவே மாட்டார், ஏனென்றால் என்னை மதிக்கிறார். ஜிப் கழுத்துக்கு வந்துவிட்டது. தொப்பி. கையுறை ஒன்று. நான் எழுந்து நிற்கிறேன் என்பது நாற்காலி சாய்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. "என்னம்மா?" என்கிறாள் டெல்பின். கொக்கிக்குப் போகிறேன். ஆறு எட்டு. ஒவ்வொரு எட்டிலும் முகம் எரிகிறது. ஐந்து வயதில் இரண்டு கையாலும் முந்திரிக்கொத்து எடுத்த பிள்ளை மாதிரி, இரண்டு கையாலும் அந்த ஆரஞ்சு உடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன். கொக்கியிலிருந்து கழட்டவில்லை, பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஓட்வர் பார்க்கிறார். மொழிபெயர்ப்புக்காக டெல்பினைப் பார்க்கிறார். டெல்பின் என்னைப் பார்க்கிறாள். கிள்ளுவதற்கு யாரும் இல்லை. "யா" என்கிறேன் நான். கேள்வியே இல்லாமல் ஒரு யா. போதாது போலிருக்கிறது. "நான் வாறேன். எனக்கு ஆசையா இருக்கு" என்று தமிழில் சொல்கிறேன். தமிழில் அந்தச் சொல்லை நான் எனக்காகச் சொன்னதே இல்லை. டெல்பின் அதை அவர்கள் பாஷையில் திருப்பிச் சொன்னாள். ஓட்வர் ஆச்சரியப்படவில்லை. சரி என்று அதே ஒரு சொல்லைச் சொன்னார், முன்பு சொன்ன அதே மாதிரி, கொக்கியிலிருந்து உடுப்பை எடுத்து என் காலுக்குக் கீழே விரித்துப் பிடித்தார். யோருன் ஓடிவந்து ஜிப்பை இழுத்தாள். நான் உருண்டையாக, சிவந்த பூசணிக்காய் மாதிரி நின்றேன். இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? கேட்டால் கிடைத்துவிடுமா?

இப்போது நான் படகில் நிற்கிறேன். துறையிலிருந்து படகுக்கு இடையில் ஒரு கை அகலம் கறுப்புத் தண்ணீர், அதைத் தாண்டியது எப்படி என்று நினைவில்லை, ஓட்வரின் கை ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம். காலுக்குக் கீழே பலகை மெல்ல மூச்சு விடுகிறது. படகு ஆடுவதில்லை, மூச்சு விடுகிறது, இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. என்ஜின் அடிவயிற்றில் அதிர்கிறது. கடல்பறவைகள் தலைக்கு மேல் கூச்சல் போடுகின்றன, மீன் வரப்போவது எங்களுக்கு முன்பே அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. குளிர் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்துகிறது, குத்தட்டும். துறையின் மேல் டெல்பின் நிற்கிறாள், கையைக் கட்டிக்கொண்டு, மூக்கு சிவந்து. நம்பவே முடியாத ஒன்றைப் பார்க்கிற முகம். ஓட்வர் அவளிடம் ஏதோ கேட்கிறார். "வாறியான்னு கேக்காரா?" என்றேன். "ஆமா. வேண்டாம்னுட்டேன். நீங்க போயிட்டு வாங்க." ஓட்வர் தலையை ஆட்டுகிறார், குனிந்து கயிற்றை அவிழ்க்கிறார். டெல்பின் கையாட்டிவிட்டு வீட்டுப் பக்கம் நடக்கிறாள். முந்திரிக்கொத்தைத் திரும்ப வைத்த பிள்ளை நடக்கிறாள். நான் அவள் முதுகைப் பார்க்கிறேன், சந்தையில் பார்க்கிற மாதிரி, கண்ணை எடுக்காமல். நாலடி. ஆறடி. ஆறு வருஷமாக இந்த ஊர்க்காரி, நாக்கு மூன்று எடுத்தவள், இவள் வேண்டாம் என்றால் வேண்டாமாகவே இருக்கும். எட்டடி. ஒன்பது. திரும்பிப் பார்த்தாள்.

"பொறுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஓட்வர் கயிற்றைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்துவிட்டார். தமிழ் அவருக்குத் தெரியாது, ஆனால் சந்தைச் சத்தம் எந்த நாட்டிலும் சத்தம்தான். டெல்பினைக் காட்டினேன். அவர் தலையசைத்து, அவள் வேண்டாம் என்றாளே என்கிற மாதிரி கையை விரித்தார். இருங்கள், இது எங்கள் பக்கத்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு விரலைக் காட்டினேன். பிறகு இரண்டு விரலைக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை, நல்ல மனிதர். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடன்குடிச் சந்தையின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டேன். "ஏட்டி டெல்பின்! வாட்டி!" அங்கிருந்து அவள், "யம்மா, நாலு மணிக்கு டியூட்டி இருக்கு" என்றாள். "மூணுக்கு வந்துரலாம்லா?" "ரொம்பக் குளிரும்மா." "எனக்கு மட்டும் குளிராதாக்கும்? உங்கப்பா வள்ளத்துலதான் நீ ஏறல, நானும் ஏறல. வாட்டி பிள்ள!" அவள் தன் காலணியைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். வீட்டு வாசலில் யோருன் நின்றுகொண்டிருந்தாள், இன்னொரு ஆரஞ்சு உடுப்பைக் கையில் போட்டுக்கொண்டு, எப்போதிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. டெல்பின் சிரிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பனி நொறுங்க நொறுங்க ஓடி வாசலுக்குப் போய் அதை வாங்கிக்கொண்டாள். மூன்றாவது தடவை கேட்கிற வேலையே வரவில்லை.